துப்பறியும் கதைகளும் துப்புத் தவறிய வழக்குகளும்

சென்ற மாதம் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணங்களின் பெருமையை விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவன் மட்டும் குனிந்த தலை நிமிராமல், மிகுந்த சிரத்தையுடன் கணக்குப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். இருபது வருஷ அநுபவத்தில் கணக்குப் புத்தகத்தை அவ்வளவு சிரத்தையுடன் படித்த மாணவனை நான் கண்டதில்லை. ஆகவே சந்தேகம் உண்டாயிற்று. அருகில் சென்று பார்த்தேன். என் அனுமானம் சரியாகவே இருந்தது. கணக்குப் புத்தகத்துக்குள் ஷெர்லாக் ஹோம்ஸ் ஒளிந்திருந்தார்.

புத்தகத்தைப் பறிமுதல் செய்தேன். உபாத்தியாயருக்கு எஞ்சியிருக்கும் அதிகாரங்களுள் இது ஒன்றே இன்பம் தருவது. ஒரு புத்தகம் மாணவர்கள் படிக்கத் தகாதது என்று தீர்மானிக்க வேண்டுமானால் யாரேனும் ஒருவர் அதை முழுவதும் படித்தாக வேண்டுமல்லவா? அந்தக் கடமையை அன்று இரவு பன்னிரண்டு மணி வரையில் செய்தேன்.

மறுநாள் பையன் புத்தகத்தைத் திரும்பக் கேட்க வந்தான். "இதனால் உனக்கு என்ன பிரயோஜனம்?" என்று வினவினேன். அவன் தயங்கவில்லை. "சார், நீங்கள் வகுப்பில் செய்வதைத்தானே ஹோம்ஸும் செய்கிறார்? கொடுக்கப்பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை நிரூபிக்கிறார்" என்றான்.

இதற்கு உடனே விடை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களிலும் பலர் இவ்வாறே எண்ணுகிறார்கள். துப்பறியும் கதை பகுத்தறிவின் பயிற்சிக்கூடம் என்பது ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட அபிப்பிராயம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்றுப் பொறுமையாக ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

1887-ஆம் வருஷத்தில் வெளிவந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' என்ற முதல் கதையிலேயே ஹோம்ஸ் தம் வித்தையைக் காட்டிவிடுகிறார். டாக்டர் வாட்ஸனைக் கண்டதும், அவர் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தவர் என்று சொல்லி விடுகிறார். காரணங்களைப் பிற்பாடு விளக்குகிறார். வந்தவர் வைத்தியர் போலிருக்கிறார். ஆனால் ராணுவ மிடுக்கும் இருக்கிறது. ஆகவே ராணுவ வைத்தியர். முகம் கறுத்திருக்கிறது, மணிக்கட்டு வெளுத்திருக்கிறது, ஆகவே உஷ்ண தேசத்திலிருந்து வந்தவர். முகம் வாடியிருப்பதால் நோயும் கஷ்டமும் பட்டவர். இடக்கையை விறைப்பாக வைத்திருப்பதால் அதில் காயம் பட்டிருக்கிறது. ஆங்கில ராணுவ வைத்தியர் ஒருவர் உஷ்ண தேசத்தில் இவ்வளவு துன்பமும் காயமும் பெறக்கூடிய இடம் ஆப்கானிஸ்தானமன்றி வேறு எது?

முதல் முறை படிக்கும்போது நாமும் வாட்ஸனைப் போலவே வாயடைத்துப் போகிறோம். இரண்டாம் முறை படிக்கும்போது பூகோளப் படத்தை அருகில் வைத்துக்கொள்வது நலம். காந்தஹார் நகரம் கடகரேகைக்கு எட்டு டிகிரி வடக்கே உள்ளது. அதை உஷ்ண மண்டலம் என்று என் மாணவன் எழுதினால் மார்க்கு குறைப்பேன். அது கிடக்கட்டும். அதே வருஷங்களில் ஆங்கிலப் படைகள் தென்னாப்பிரிக்காவிலும் போர் புரிந்தன. 1879-ல் ஜூலுக்களுடனும், 1880-81-ல் போயர்களுடனும் சண்டை நடந்தது. அங்கேயும் வெயில் உண்டு. அங்கேயும் குண்டு பாயும். வாட்ஸன் அங்கிருந்து வந்திருக்கக் கூடாதா? வந்திருக்கலாம். வரவில்லை என்பதற்கு ஒரே காரணம், ஸர் ஆர்தர் கோனன் டாயில் அவரை ஆப்கானிஸ்தானத்துக்கு அனுப்பியிருந்தார் என்பதுதான். (அந்தக் காயத்தின் கதியும் விசித்திரமானது. முதற்கதையில் தோளில் பட்ட குண்டு, 1890-ல் வந்த அடுத்த கதையில் காலில் பட்டதாக மாறிவிட்டது. விறைத்த கையைக் கண்டு துப்பறிந்த ஹோம்ஸ் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை!)

ஹோம்ஸுக்கு முன்மாதிரியாக இருந்தவர் எடின்பரோ நகரத்து ரண வைத்தியரான ஜோஸப் பெல் என்பவர். டாயில் அவரிடம் மாணவராகவும் உதவியாளராகவும் இருந்தார். தம் சுயசரிதத்தில் டாயில் சொல்லியிருக்கும் நிகழ்ச்சி ஒன்று பலருக்கும் தெரிந்ததே. பெல்லிடம் ஒரு நோயாளி வந்தான். அவன் வாய் திறக்கும் முன்பே, நீ பட்டாளத்தில் இருந்தவன், சமீபத்தில் விலகியவன், பார்பேடாஸ் தீவில் இருந்தவன் என்று பெல் அடுக்கினார். எல்லாம் சரியாக இருந்தன. மரியாதை தெரிந்தவனாயினும் தொப்பியைக் கழற்றவில்லை. அது பட்டாளத்து வழக்கம். அவனுக்கு வந்திருப்பது யானைக்கால் நோய். அது மேற்கிந்தியத் தீவுகளுக்கு உரியது, பிரிட்டனில் இல்லாதது. ஆகவே பார்பேடாஸ்.

இந்த இடத்தில் தஞ்சாவூர் ஜில்லாக்காரர் எவரும் புன்னகை புரியாமல் இருக்க முடியாது. யானைக்கால் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கும்பகோணத்தார் பார்பேடாஸுக்குப் போக வேண்டுமா? அந்தச் சிப்பாய் சென்னை ராஜதானியில் எத்தனையோ ஊர்களில் கொசுக்கடி பட்டிருக்கலாம். பெல் மகா மேதாவி; அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று அவர் செய்தது நிரூபணம் அன்று, நல்ல ஊகம். அது பலித்துவிட்டது. பலித்ததைத்தான் மாணவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டிருந்தார்கள். மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று சொல்லுவது அவர்களுக்குப் பிரியமான உதாரணம். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பும் இருக்கும் என்ற நியதி விலக்கில்லாதது; ஆகவே அந்த அனுமானம் செல்லும். அதையே திருப்பி, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இருக்கும் என்று சொன்னால் செல்லாது. கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை எழும். சொல்லாமல் விட்ட அந்த ஈர விறகுக்கு 'உபாதி' என்று பெயர் வைத்தார்கள். துப்பறிபவர் காட்டும் காரணங்கள் ஒவ்வொன்றிலும் இப்படி ஓர் ஈர விறகு மறைந்து கிடக்கிறது. கை விறைத்திருந்தால் காயம் பட்டிருக்கும். ஆம், வாதநோய் இல்லையென்றால். முகம் கறுத்திருந்தால் உஷ்ண தேசம். ஆம், பல நாள் கடற்பிரயாணம் செய்யவில்லையென்றால்.

மணிமேகலையில் வஞ்சி மாநகரத்து அளவைவாதி, அறிவைக் கெடுக்கும் பிழைகள் எட்டு என்று எண்ணிக் கூறுகிறான். அவற்றுள் ஒன்று 'ஐயம்'. மற்றொன்று 'தேராது தெளிதல்'. சந்தேகப்படுவது ஒரு குறை என்றால், ஆராயாமல் நிச்சயம் கொள்வதும் அதற்குக் குறையாத குறைதான் என்று இரண்டையும் ஒரே வரிசையில் உட்கார வைத்த அந்தப் பழைய தர்க்கவாதியின் நிதானத்தை நான் மிகவும் வியக்கிறேன்.

மேல்நாட்டிலும் இதை நன்கு உணர்ந்த ஒருவர் இருந்தார். அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் சார்லஸ் பியர்ஸ் 1878-ல் எழுதிய கட்டுரையில் மொச்சைக் கொட்டையை வைத்து விளக்குகிறார். இந்தப் பையில் உள்ளவையெல்லாம் வெள்ளை மொச்சை என்று தெரியும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்தால் அது வெள்ளையாகவே இருக்கும், இது நிச்சயம். ஆனால் மேஜைமேல் ஒரு பிடி வெள்ளை மொச்சை கிடக்கிறது. அருகில் வெள்ளை மொச்சைப் பை இருக்கிறது. ஆகவே இது அதிலிருந்து வந்தது என்றால், அது வேறு வகையான நியாயம். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆயினும் யாரோ கடையிலிருந்து வாங்கி வந்து அங்கே கொட்டியிருக்கலாம். துப்பறியும் சாஸ்திரம் முழுவதும் இந்த இரண்டாவது மொச்சைதான்.

கதையில் மட்டும் இது ஏன் ஒருபோதும் தவறுவதில்லை? இதற்கு விடையைத் துப்பறியும் கதையின் பிதாவே சொல்லிவிட்டார். எட்கார் ஆலன் போ 1841-ல் ஒரு பாரிஸ் கொலைக் கதையை எழுதி, டூப்பின் என்ற துப்பறிபவரைப் படைத்தார். உலகம் அவருடைய சாமர்த்தியத்தைக் கொண்டாடியது. ஐந்து வருஷம் கழித்து ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் போ இதை ஒப்புக்கொள்கிறார். அவிழ்ப்பதற்கென்றே தாம் முடிந்த முடிச்சைத் தாமே அவிழ்ப்பதில் என்ன பெரிய திறமை இருக்கிறது என்பது அவர் கருத்து. போ வேறோர் ஊரில், வேறொருவர் போட்ட முடிச்சையும் அவிழ்க்க முயன்று பார்த்தார். 1841-ல் நியூயார்க்கில் மேரி ரோஜர்ஸ் என்ற இளம் பெண்ணின் சடலம் ஹட்ஸன் நதியில் மிதந்தது. போ பெயர்களை மாற்றிப் பாரிஸில் நடந்ததாக எழுதி, குற்றவாளியைத் தம் டூப்பின் பத்திரிகைச் செய்திகளைக் கொண்டே சுட்டிக்காட்டிவிடுவார் என்று தொடர்கதையாக வெளியிட்டார். தொடர் முடிவதற்குள் அந்த வழக்கில் புதிய செய்தி ஒன்று கிளம்பி அவருடைய ஊகத்தை ஆட்டங்காணச் செய்துவிட்டது. கடைசிப் பகுதி ஒரு மாதம் தாமதமாயிற்று. பிற்பாடு புத்தகமாக அச்சிட்டபோது அங்குமிங்கும் சில வாக்கியங்களை மாற்றிச் சமாளித்துக்கொண்டார். மேரி ரோஜர்ஸ் எப்படி இறந்தாள் என்பது முடிவாகத் துலங்கவே இல்லை.

கதாசிரியர்களிலும் உண்மையை ஒப்புக்கொண்டவர்கள் இல்லாமற் போகவில்லை. டாயிலே 1893-ல் 'மஞ்சள் முகம்' என்ற கதையில் ஹோம்ஸைத் தோற்க விட்டார். மனைவி ஒரு குடிலுக்கு ரகசியமாகப் போய் வருகிறாள் என்று கணவன் முறையிடுகிறான். அவளுடைய முதற்கணவன் இறக்கவில்லை, ஒளிந்திருந்து பணம் பறிக்கிறான் என்று ஹோம்ஸ் ஊகிக்கிறார். இது வெறும் ஊகந்தானே என்று வாட்ஸன் கேட்டதற்கு, எல்லா விவரங்களுக்கும் பொருந்துகிறதே என்கிறார். குடிலுக்குள் இருந்தது அவளுடைய சிறு பெண் குழந்தை. இறந்துபோன முதற்கணவர் கறுப்பர் இனத்தைச் சேர்ந்த வக்கீல். நிறத்துக்கு அஞ்சித் தாய் குழந்தையை மறைத்திருந்தாள். எல்லா விவரங்களுக்கும் பொருந்திய ஊகம் அடியோடு பொய்.

1929-ல் ஆன்டனி பெர்க்லி எழுதிய 'விஷ சாக்லெட் வழக்கு' இன்னும் விசேஷமானது. ஒரே கொலையை ஆறு பேர் ஆராய்கிறார்கள். ஆறு பேரும் ஆறு விதமான முடிவுகளைக் காரண காரியத்துடன் எடுத்துரைக்கிறார்கள். ஒவ்வொருவர் பேசி அமரும்போதும் இதுவே உண்மை என்று வாசகர் தலையசைப்பார்; அடுத்தவர் எழுந்து அதைத் தவிடுபொடியாக்குவார். ஆறாவது முடிவோடு நாவல் நின்றது. உண்மை அங்கே நின்றதா? 1979-ல் கிறிஸ்டியானா பிராண்ட் என்ற எழுத்தாளர் ஏழாவது முடிவை எழுதினார். 2016-ல் மார்ட்டின் எட்வர்ட்ஸ் எட்டாவதையும் எழுதிவிட்டார்.

நம் தமிழில் தேவன் படைத்த துப்பறியும் சாம்புவை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசலாகாது. பாங்கி குமாஸ்தாவான சாம்பு யோசிப்பதெல்லாம் தவறு; தடுக்கி விழும் இடத்தில் குற்றவாளி அகப்படுவான். போலீஸாரும் ஊராரும் அதை அபார மூளை என்று வியப்பார்கள். தற்செயல் துப்பறிபவருக்கு உதவவே கூடாது என்று ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் விதி வகுத்திருந்தார். தேவன் அந்த விதியைத் தலைகீழாக்கிச் சிரிக்க வைத்தார். ஹோம்ஸையும் சாம்புவையும் அடுத்தடுத்துப் படித்தால், பலித்த பிறகு ஊகமும் அதிர்ஷ்டமும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கின்றன என்பது விளங்கும்.

இதுவரையில் கதை. கதையில் தவறினால் ஆசிரியர் திருத்திக்கொள்வார். ஹோம்ஸைப் படைத்த அதே டாயில் நிஜ வழக்குகளில் இறங்கியபோது கண்டவை வேறு.

ஜார்ஜ் எடால்ஜி என்பவர் பர்மிங்ஹாமில் தொழில் செய்த இளம் ஸொலிஸிட்டர். தகப்பனார் பம்பாய்ப் பார்ஸி. கிறிஸ்தவராகி இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியாராக அமர்ந்தவர். தாயார் ஆங்கில மாது. 1903-ல் அந்தக் கிராமத்தில் இரவு வேளைகளில் யாரோ ஆடு மாடு குதிரைகளின் வயிற்றைக் கிழித்து வந்தார்கள். மொட்டைக் கடிதங்களும் வந்தன. போலீஸார் எடால்ஜியைப் பிடித்தார்கள். அவருடைய கோட்டில் குதிரை மயிர் இருந்தது. பூட்ஸில் சேறு இருந்தது. கையெழுத்து நிபுணர் கடிதங்கள் அவர் எழுதியவையே என்று சாட்சி சொன்னார். அதே நிபுணர் 1896-ல் அடால்ஃப் பெக் என்ற நிரபராதியின் வழக்கிலும் இப்படியே சாட்சி சொன்னவர். எடால்ஜி சிறையில் இருந்தபோதே மற்றொரு குதிரை வெட்டுப்பட்டது. அப்படியானால் அவர் குற்றவாளி அல்லவே? அல்ல, அவருக்கு ஒரு கூட்டம் உண்டு, இது கூட்டாளிகள் வேலை என்றார்கள். இவ்வாறு எது நடந்தாலும் குற்றத்துக்கே சாட்சியாகிவிடும் ஊகத்தை எந்த வக்கீலாலும் முறியடிக்க இயலாது. ஏழு வருஷக் கடுங்காவல் விதித்தார்கள். மூன்று வருஷம் கழிந்ததும், மன்னிப்பும் இன்றி, காரணமும் சொல்லாமல் வெளியே விட்டார்கள்.

1907 ஜனவரியில் டாயில் ஒரு லண்டன் ஹோட்டலில் அவரைச் சந்திக்கச் சென்றார். எடால்ஜி பத்திரிகையைக் கண்ணுக்கு வெகு அருகில், சற்றுச் சாய்வாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் வைத்தியம் கற்றிருந்த டாயிலுக்கு அது போதுமானதாக இருந்தது. இத்தகைய கிட்டப்பார்வை உள்ளவர் நள்ளிரவில், மழையில், ரெயில் பாதையையும் வேலிகளையும் தாண்டி வயலில் போய்க் குதிரையை வெட்டிவிட்டு, காவல் நின்ற போலீஸாருக்குத் தெரியாமல் திரும்புவதாவது! டாயில் பத்திரிகையில் எழுதினார், நாடு கொந்தளித்தது. அவ்வருஷம் மே மாதத்தில் அரசாங்கம் குதிரையை வெட்டிய குற்றத்துக்கு மன்னிப்பு அளித்தது. ஆனால் கடிதங்களை எழுதியவர் அவரே என்று சொல்லி, நஷ்ட ஈடு ஒரு காசும் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் கிரிமினல் அப்பீல் கோர்ட்டு அதே 1907-ல் ஏற்பட்டதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம்.

இவ்வளவில் டாயில் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உண்மைக் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டதாக நம்பினார். அவன் கசாப்புக் கடையில் தொழில் பழகியவன். கால்நடைக் கப்பலில் வேலை பார்த்தவன். அவனிடம் குதிரை வைத்தியக் கத்தி ஒன்று இருந்தது. எல்லாம் பொருந்தியது! எடால்ஜியின் கோட்டில் இருந்த குதிரை மயிரும் இப்படித்தான் பொருந்தியது. அந்த மனிதன்மீது வழக்குத் தொடர அதிகாரிகள் இசையவில்லை. அவன்மீது ஒன்றும் ருசுவாகவில்லை. ஒருவர் தலையில் விழுந்த ஊகத்தைத் தூக்கி எறிந்த கையாலேயே வேறொருவர் தலையில் அதை வைக்கப் பார்த்தாரே என்று வருந்த வேண்டியிருக்கிறது.

ஆஸ்கர் ஸ்லேட்டர் வழக்கு இதனினும் கொடியது. ஸ்காட்லாந்தில் க்ளாஸ்கோ நகரத்தில், 1908 டிஸம்பர் 21-ந் தேதி மாலை, மாரியன் கில்கிரிஸ்ட் என்ற எண்பது வயது கடந்த செல்வச் சீமாட்டி தம் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். வேலைக்காரப் பெண் பத்திரிகை வாங்கப் போயிருந்த பத்து நிமிஷத்தில் அது நடந்தது. அவள் திரும்பி வந்தபோது ஒரு மனிதன் பதற்றமின்றி அவளைக் கடந்து வெளியேறினான். காகிதங்கள் வைத்திருந்த பெட்டி உடைந்து கிடந்தது. நகைகளில் பிறை வடிவமான வைர ப்ரோச் ஒன்றுதான் காணாமற் போயிருந்தது.

நான்கு நாள் கழித்துப் போலீஸாருக்கு ஒரு செய்தி வந்தது. ஆஸ்கர் என்ற ஜெர்மானிய யூதர் ஒருவர், பிறை வடிவமான வைர ப்ரோச் அடகு வைத்த சீட்டை விற்க முயன்றார் என்பதே அது. தேடிப் போனால் மனிதர் அன்றிரவே ஊரை விட்டுக் கிளம்பியிருந்தார். லிவர்பூலில் கப்பலேறி, வேறு பெயரில் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார். இதைவிடத் தெளிவான துப்பு வேறு உண்டா? துப்பறியும் கதையாக இருந்தால் இங்கே கடைசி அத்தியாயம் தொடங்கிவிடும்.

அடகுக் கடையில் போய் அந்த ப்ரோச்சைப் பார்த்தார்கள். அது அந்த அம்மாளுடையது அன்று. ஸ்லேட்டர் அதைக் கொலைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே, நவம்பரிலேயே அடகு வைத்திருந்தார். அவர்மீது சந்தேகம் கொள்ளக் காரணமாயிருந்த ஒரே விஷயம் பொய்யாகிவிட்டது. அந்த நிமிஷமே சந்தேகமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. துப்பு இறந்துவிட்டது, துப்பினால் பிறந்த நம்பிக்கை உயிரோடிருந்தது. ஓடிப் போனவன், பெயர் மாற்றியவன், சூதாட்டக்காரன், அந்நியன், பெட்டியில் சிறு சுத்தியல் வைத்திருந்தவன் என்றெல்லாம் அதற்குப் புதிய கால்கள் முளைத்தன. பிரிந்துபோன மனைவியின் தொல்லைக்குப் பயந்தும் ஒருவன் பெயர் மாற்றலாம் என்று எவரும் நினைக்கவில்லை. சாட்சிகளை நியூயார்க்குக்கே அழைத்துச் சென்று, முன்னதாக அவருடைய புகைப்படத்தைக் காட்டிவிட்டு, ஆளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஸ்லேட்டர் விசாரணைக்குத் தாமே மனமுவந்து திரும்பி வந்தார். அதுகூட அவருக்குத் துணை வரவில்லை.

1909 மே மாதத்தில் எடின்பரோவில் விசாரணை நடந்தது. ஸ்காட்லாந்து ஜூரியில் பதினைந்து பேர். பெரும்பான்மைத் தீர்ப்பே போதுமானதாக இருந்தது. அக்காலத்தில் அந்நாட்டுச் சட்டத்தில் குற்றவாளி, நிரபராதி என்ற இரண்டோடு 'ருசுவாகவில்லை' என்ற மூன்றாவது தீர்ப்பும் இருந்தது. ஒன்பது பேர் குற்றவாளி என்றார்கள். ஐந்து பேர் ருசுவாகவில்லை என்றார்கள். ஒரே ஒருவர் நிரபராதி என்றார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, தூக்குக்கு இரண்டு நாள் இருக்கையில் ஆயுள் தண்டனையாக மாறிற்று.

அந்த ஐந்து பேரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லுவதற்கு அவர்களுக்குச் சட்டம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தது. துப்பறியும் கதையில் அந்த வார்த்தைக்கு இடமே இல்லை. 'ருசுவாகவில்லை' என்று ஹோம்ஸ் கடைசிப் பக்கத்தில் சொன்னால் வாசகர்கள் புத்தகத்தின் விலையைத் திருப்பிக் கேட்பார்கள்.

டாயில் 1912-ல் ஸ்லேட்டருக்காகத் தனிப் புத்தகமே எழுதினார். நகைக்காக வந்த திருடன் மற்ற நகைகளை விட்டுவிட்டுக் காகிதப் பெட்டியை ஏன் உடைத்தான், கதவு உடையாமல் எப்படி உள்ளே புகுந்தான் என்ற அவருடைய கேள்விகளுக்கு எவரும் விடை சொல்லவில்லை. பதினெட்டரை வருஷச் சிறைவாசத்துக்குப் பின், 1927 நவம்பரில் ஸ்லேட்டர் வெளியே வந்தார். 1928 ஜூலையில், நீதிபதி ஜூரிக்குத் தவறான வழிகாட்டினார் என்று தீர்ப்பு ரத்தாயிற்று. ஆறாயிரம் பவுன் கொடுத்தார்கள். கில்கிரிஸ்ட் அம்மாளைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை ருசுவாகவில்லை.

ஓர் ஆபரணம், அதைப் போன்ற மற்றோர் ஆபரணம், கையில் வைத்திருந்த அந்நியன். தமிழ் படித்தவர்களுக்கு இந்த வழக்கு எங்கோ கேட்டது போல் இருக்கும். அரசியின் சிலம்பு காணவில்லை. ஊருக்குப் புதியவன் ஒருவன் கையில் அதைப் போன்ற சிலம்பு இருக்கிறது. ஆகவே இவனே கள்வன் என்று பாண்டியன் நெடுஞ்செழியன் முடிவு செய்தான். கொல்லன் சொன்ன கதை எல்லா விவரங்களுக்கும் பொருந்தியது. பொருந்தும்படி சொன்னவனே கள்வன்! சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்தச் சோதனையைக் கோவலன் இறந்த பிறகு கண்ணகிதான் செய்தாள். க்ளாஸ்கோவில் சோதனையை முதலிலேயே செய்தார்கள். செய்து, ப்ரோச் வேறு என்று கண்டபின்னும் மனிதரை விடவில்லை. மதுரையில் மாணிக்கம் தெறித்த கணத்திலேயே அரசன் தானே கள்வன் என்று சொல்லி உயிரை விட்டான். ஸ்காட்லாந்தில் அதற்குப் பத்தொன்பது வருஷம் பிடித்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த வழக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன்பு, வேறோர் ஊரில் நான் வேலை பார்த்தபோது, ஒரு மாணவனின் கைக்கடிகாரம் காணாமற் போயிற்று. தேகப்பயிற்சிக்குப் போகும்போது பையில் வைத்துவிட்டுப் போனேன் என்றான். அந்த மணி நேரத்தில் வகுப்பில் இருந்தவன் ஒரே ஒரு பையன். சில தினங்களுக்கு முன் அந்தக் கடிகாரத்தின் விலையை அவன் கேட்டிருக்கிறான். வறிய குடும்பம். நான் அவனைத் தனியே அழைத்து விசாரித்தேன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, நாக்குக் குழறியது, கண்கள் சிவந்திருந்தன. எனக்கு வேறு என்ன வேண்டும்? தகப்பனாரை வரவழைத்து, அவர் எதிரில் என் காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று அப்போது எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அதன் பிறகு பையன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கடிகாரத்துக்கு உரியவனின் பை கிழிந்து, தைக்கக் கொடுத்தபோது, உள் துணிக்கும் வெளித் துணிக்கும் நடுவே கடிகாரம் கிடந்தது. அந்த மற்றப் பையன் அன்று தேகப்பயிற்சிக்குப் போகாமல் வகுப்பில் இருந்தது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குக் காய்ச்சல். அநுமதி கொடுத்தவனே நான்தான். வியர்வையும் சிவந்த கண்ணும் என் எதிரே நின்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் திண்ணையில் பாய் போட்டு உட்கார வைத்தார், காப்பி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார். நான் சொன்ன மன்னிப்பு வார்த்தைகளுக்கு, "போகட்டுங்கள் சார்" என்றார். பையன் உள்ளே இருந்தான்; வெளியே வரவில்லை. வரச் சொல்லி அவரும் கூப்பிடவில்லை.

பத்தாம் வகுப்புப் பையனிடம் நான் இதைச் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரு நிபந்தனை மட்டும் விதித்தேன். வாட்ஸன் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தார் என்பதற்கு ஹோம்ஸ் சொன்ன காரணங்கள் அத்தனையையும் ஒப்புக்கொண்டு, ஆனால் அவர் அங்கே போகாமலே அவை உண்டாகக் கூடிய வழிகளை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றேன். இரண்டு மூன்று எழுதுவான் என்று எதிர்பார்த்தேன்.

திங்கட்கிழமை ஏழு எழுதிக்கொண்டு வந்தான். தென்னாப்பிரிக்காவும் வாதநோயும் இருந்தன. குதிரையிலிருந்து விழுந்ததும் இருந்தது. ஏழாவது என் புத்திக்கு எட்டாதது. வாட்ஸனை ஹோம்ஸிடம் அழைத்து வந்தவர் வாட்ஸனின் பழைய சிநேகிதர். அவரே ஹோம்ஸிடம் எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருந்தான்.

"அதை வாட்ஸனே கேட்கிறாரே, யாரும் சொல்லவில்லை என்று ஹோம்ஸ் மறுக்கிறாரே?" என்றேன்.

"ஆமாம் சார். ஆனால் அதற்கு ஹோம்ஸைத் தவிர வேறு சாட்சி இல்லை" என்றான்.